பிறந்த பிள்ளைக்கு மலவாசல் பார்த்தீர்களா?

தாய்மார்களே, பிள்ளை பிறந்ததும் கைவிரல், கால்விரல் எண்ணிப் பார்க்கிறோம். மலவாசல் இருக்கிறதா என்று பார்க்கிறோமா? ஏறக்குறைய 5,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு அது மூடியோ இடம் மாறியோ இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் பெரும்பாலும் நர்ஸே கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் சில நேரம் தப்பிவிடும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி ஆறு மாதப் பேத்தியைத் தூக்கி வந்தார். “கஞ்சி கொடுத்ததிலேருந்து வெளிக்கிப் போக முக்குது ஐயா. வெத்தலைக் காம்பு வைக்கலாம்னா இடமே தெரியலே” என்றார். துணியை விலக்கிப் பார்த்தேன். மலவாசலே இல்லை! பெண்குறி ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம். தாய்ப்பால் குடித்த வரைக்கும் இளகிய மலம் அதன் வழியே வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

பிறந்து 24 மணி நேரத்தில் காட்டுமலம் போகவில்லையா? வயிறு உப்புகிறதா? பச்சையாக வாந்தியா? ஆண்பிள்ளைக்கு மூத்திரத்தில் மலம் கலந்து வருகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் நுழைக்காதீர்கள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார். இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு இவற்றிலும் குறை இருக்கலாம் என்பதால் அவற்றையும் சோதிப்பார். குடல் தோலுக்குப் பக்கத்திலேயே முடிந்திருந்தால் பெரும்பாலும் ஒரே ஆபரேஷன் போதும். உயரத்தில் முடிந்திருந்தால் வழக்கமாக மூன்று. முதலில் வயிற்றில் குடலைத் திறந்து, மலம் போக வழி செய்து, பை ஒட்டுவார்கள். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிள்ளையின் உயிரைக் காப்பதே அதுதான். சில மாதம் கழித்துப் புது மலவாசல் அமைப்பார்கள். 1982-ல் டாக்டர் பேனாவும் டாக்டர் டிவ்ரீஸும் வெளியிட்ட முறைப்படி, பின்பக்கம் நடுக்கோட்டில் அறுத்துச் செய்வது இன்றும் வழக்கத்தில் உள்ளது. கடைசியில் வயிற்றுத் துவாரத்தை மூடுவார்கள்.

ஆபரேஷனோடு வேலை முடியவில்லை. இரண்டு வாரம் போல ஆனதும், புது வாசல் சுருங்காமலிருக்க வழவழப்பான கம்பியை விட்டு விரிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளை அழுகிறதே என்று விட்டுவிட்டால் வாசல் சுருங்கி, மறுபடியும் கத்திதான். பிற்காலத்தில் மலச்சிக்கலோ, அடக்க முடியாமையோ வரலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மலச்சிக்கல் மருந்து மட்டும் தினமும் சாப்பிடுகிறாள்.

இன்னொன்று. கிரகணம் பார்த்ததால் இந்தக் குறை வருவதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே உறுப்பு சரியாக உருவாகாமல் போவதுதான் காரணம். மாமியார்மார்களே, மருமகளைத் திட்டாதீர்கள். துணி மாற்றும்போது பிள்ளையைத் திருப்பிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.