ஒரு சதவீதமும் இரண்டு அவைகளும்

திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் பெரும்பாலும் கூலி நெசவுதான். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் கொடுப்பார். நெய்து இறக்கும் காடா துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. அந்தக் கூலியைப் பைசா பைசாவாகப் பேசி வாங்கும் ஊருக்கு, 2014 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான ஜிஎஸ்டி அரசியல் சட்டத் திருத்த மசோதாவின் ஒரு பிரிவு நேராகத் தொடர்புடையது. மாநிலம் தாண்டும் சரக்குக்கு, ஜிஎஸ்டி போக, மேலும் ஒரு சதவீதம் வரை வரி என்றது அது.

தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு, பணமும் சரக்கை அனுப்பும் மாநிலத்துக்கே. தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட வந்த ஏற்பாடு. சிக்கல், கட்டியதைக் கழித்துக்கொள்ள வழி இல்லாததில். குஜராத் பஞ்சு இங்கே வரும்போது ஒன்று. இங்கே நெய்த காடா சாயத்துக்கு அகமதாபாத் போகும்போது இன்னொன்று. அது சட்டைத் துணியாகத் திரும்பி வரும்போது மூன்றாவது. கடைசியில் எல்லாமே கூலியில்தான் வந்து அழுத்தும்.

மக்களவை 2015 மே 6 அன்று 352க்கு 37 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. பா.ஜ.க.வுக்கு அங்கே தனிப் பெரும்பான்மை இருந்தது, மாநிலங்களவையில் இல்லை. சாதாரண மசோதாவாக இருந்திருந்தால் இரு அவைகளையும் கூட்டுக் கூட்டமாக உட்கார வைத்து முடித்திருக்கலாம். 1961, 1978, 2002 என்று மூன்று முறை மசோதாக்கள் அப்படி நிறைவேறியிருக்கின்றன. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. ஒவ்வொரு அவையிலும் தனித்தனியாக, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

அதனால் அரசு இறங்கி வந்து பேச வேண்டியதாயிற்று. மாநிலங்களவை மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. காங்கிரஸ் அந்த ஒரு சதவீதத்தை நீக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றது. அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழுவும் அதையே பரிந்துரைத்தது. ஓராண்டுக்கு மேல் இழுத்து, 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவை திருத்தங்களோடு மசோதாவை நிறைவேற்றியபோது அந்தப் பிரிவு போய்விட்டது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு 'தரலாம்' என்றிருந்தது, 'தர வேண்டும்' என்றானது. அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது, வாக்களித்த 203 பேரும் ஆதரவு. மக்களவை ஐந்தே நாளில், ஆகஸ்ட் 8 அன்று, திருத்தங்களை ஏற்றது. இந்தத் தாமதத்தை முட்டுக்கட்டை என்று அன்று பலர் ஏசினார்கள். தறி வைத்திருப்பவர் பக்கமிருந்து பார்த்தால், இரண்டாவது அவை செய்ய வேண்டிய வேலையே அதுதான் என்பேன்.

அடுத்த ஆண்டு மாநிலங்களவைக்கு அந்த வாய்ப்பு பறிபோனது. யார் பதிவு செய்ய வேண்டும், 20 லட்ச ரூபாய் விற்றுமுதல் வரம்பு யாருக்கு, கணக்கை எப்படித் தாக்கல் செய்வது என்று சிறு நெசவாளரை நேராகத் தொடும் ஜிஎஸ்டி சட்டங்கள் பண மசோதாக்களாக வந்தன. பண மசோதாவில் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம், அதுவும் 14 நாளுக்குள். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். 2017 மார்ச் 29 அன்று மக்களவை நிறைவேற்றியதை, ஏப்ரல் 6 அன்று மாநிலங்களவை மாற்றமின்றித் திருப்பி அனுப்பியது. முதல் சட்டத்துக்குக் கிடைத்த பொறுமையான அலசல் இவற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

நூலுக்கு எத்தனை சதவீதம், துணிக்கு எத்தனை என்ற பேச்சோ இரண்டு அவைகளையும் விட்டு, மத்திய, மாநில அமைச்சர்கள் அமரும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. அங்கே தமிழ்நாட்டின் வாக்குக்கு எவ்வளவு எடை என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)