கட்டை விரலுக்குக் கணக்கு

வலது கைக் கட்டை விரலை மடக்கிக் கட்டிக்கொண்டு ஒரு நாள் வீட்டு வேலை செய்து பாருங்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டவும் முடியாது.

கோயம்புத்தூரில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பம்பு மோட்டார் தொழிற்சாலையில், தகடு வெட்டும் பிரஸ் எந்திரம் அந்த வீட்டுக்காரரின் கட்டை விரலை அடியோடு எடுத்துவிட்டது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம். 'வேலை செய்ய இயலாது' என்று டாக்டர் சர்டிபிகேட் எழுதிய நாட்களுக்கெல்லாம் சம்பளத்தில் 90 சதவிகிதம் வந்தது.

"அரிசி பருப்புக்குக் குறைவில்லீங்க. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத்தான் மனசு கேக்கலை" என்றாள் மனைவி.

இரண்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகலாம் என்று கடைசிச் சர்டிபிகேட் வந்தது. பணம் நின்றது. கணக்குத் தீர்ந்ததென்று காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்!

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. வேலைக்குப் போகலாம் என்றால் காயம் ஆறிவிட்டது என்றுதான் அர்த்தம். கை பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதைத் தீர்மானிப்பது மெடிகல் போர்டு. அதற்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். கடைசிச் சர்டிபிகேட் கிடைத்து ஓராண்டு ஆவதற்குள் கொடுத்துவிடுவது உத்தமம். விபத்தைப் பற்றித் தொழிற்சாலை அனுப்பிய அறிக்கையின் நகலும் கையில் இருக்கட்டும். காயம் வேலையில்தான் பட்டதா என்ற கேள்வி எழும் அல்லவா?

1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இந்தத் திட்டம், 1955-ல் கோவைக்கு வந்தது. அங்கங்களுக்கு அதில் ஒரு பட்டியலே உண்டு. கட்டை விரல் முழுவதும் போனால் 30 சதவிகிதம். ஆள்காட்டி விரலுக்கு 14. நடு விரலுக்கு 12. விரலுக்கு விலையா என்று மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் பட்டியல் இல்லாவிட்டால் முதலாளியின் தயவல்லவா விலை பேசும்!

நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவிகிதம் 540. அதில் 30 சதவிகிதம் 162 ரூபாய். இது ஒவ்வொரு நாளுக்கும், ஆயுள் உள்ளவரை. வேலைக்குத் திரும்பி முழுச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்பதில்லை. போர்டின் முடிவு குறைவாகத் தோன்றினால் அப்பீலுக்கும் வழி உண்டு.

இதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னவர் உடன் வேலை பார்க்கும் ஒருவர். அதுவும் பத்தாவது மாதத்தில்! பீரோவைத் திறந்தார்கள். மனு போயிற்று. போர்டும் 30 சதவிகிதம் என்றே எழுதியது.

இப்போது அவருக்கு அதே தொழிற்சாலையில், சரக்குக் கிடங்கில் வேலை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

"எல்லாம் பழகிட்டாருங்க. காலையிலே சட்டைப் பொத்தான் மட்டும் நான்தான் போட்டு விடறேன்" என்றாள் அந்த அம்மாள்.