மீன்தொட்டியில் கல், மணல் மாற்றப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

மீன்தொட்டி வைத்து ஓரிரு ஆண்டுகள் ஆகிவிட்டன. மீன்கள் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அடியில் கிடக்கும் நீலக் கல்லைப் பார்த்தாலே எரிச்சல். கறுப்பு மணல் போட்டால் நியான் டெட்ரா பளிச்சென்று தெரியும். கோரிடோராஸ் மீனும் மீசை தேயாமல் மணலைக் கிளறி விளையாடும். சனிக்கிழமை காலையில் மணல் வாங்கி, மதியத்துக்குள் மாத்திடலாம் என்று தோணும்.

அப்படி அவசரமாக மாற்றிய தொட்டிகளில் சில நாளிலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதுண்டு. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். என்ன ஆச்சுன்னே புரியாது.

அந்தக் கல்லில் அப்படி என்ன இருக்கு?

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உருவாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. தவறாமல் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது குறைவு. எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். பெரும்பகுதி ஃபில்டர் ஸ்பாஞ்சில், மிச்சம் கல், மரக்கட்டை, செடிகளில். ஆக, கல்லை அள்ளி எறிவது வேலையாட்களில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புவது மாதிரி. ஆனால் மீன்கள் அதே எண்ணிக்கையில்தான் இருக்கு, வேலை குறையலை. ஃபில்டர் சின்னதாக இருந்தால் அடி இன்னும் பலம். கல்லைக் கிளறும்போது அடியில் படிந்திருந்த அழுக்கும் மேலே வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நாள்பட்ட தொட்டியில் தண்ணீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மை பக்கம் போகும். அந்த நிலையில் அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகப் பாதிக்காத வடிவில் இருக்கும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் சற்றுக் காரத்தன்மை கொண்டது. மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றினால் பிஎச் ஏறிவிடும். 7இலிருந்து 8க்கு ஏறினாலே நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். நம்ம வெயிலும் அதைக் கூட்டும்.

சரி, எப்படித்தான் மாற்றுவது?

அவசரம் வேண்டாம். வாரம் மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில், கல் ஏறும் அளவு அகலமான டியூபால் கல்லையும் அழுக்கையும் சேர்த்து பக்கெட்டுக்கு உறிஞ்சி எடுத்துவிடலாம். கையால் அள்ளுவதைவிட அழுக்கு கலங்குவது குறைவு. கலக்கப் பொறுமை இல்லை, ஒரே நாளில் முடிக்கணும் என்றால், பழைய தண்ணீரை ஒரு பெட்டியில் பிடித்து, ஏர்பம்ப்புடன் மீன்களை அதில் விடுங்கள். மீன் வெளியே குதிக்காமல் மூடி போடுங்க.

எந்த வழியாக இருந்தாலும் அந்த மாதம் ஃபில்டரைக் கழுவாதீர்கள். என்னைக் கேட்டால், இது ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நிறுத்த வேண்டி வந்தால் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊற வையுங்கள். ஒரு கைப்பிடி பழைய கல்லை வலைப்பையில் கட்டிச் சில வாரங்கள் தொட்டிக்குள் போட்டு வைத்தால் பாக்டீரியா புது மணலுக்கும் பரவும்.

எவ்வளவு மணல் வாங்கணும்? 60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலத் தொட்டியில் 4 செ.மீ உயரத்துக்குப் போட சுமார் 7 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 கிலோ. பக்கெட்டில் கலங்கல் போகும்வரை அலசுங்கள், கை வலிக்கத்தான் செய்யும். வாங்கிய மணலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கு, அது தண்ணீரின் பிஎச்சை ஏற்றும். செடிக்கான சத்து மண் வேறு கதை. அதில் பல வகை முதல் சில வாரங்களுக்குத் தானே அமோனியா விடும், மீன் உள்ள தொட்டியில் நேராகப் போடக்கூடாது.

ராத்திரி முழுக்க வைத்த தண்ணீர் போதாதா?

தாத்தா, பாட்டி சொல்லும் வழி இது. குளோரினுக்கு அது சரி. ஆனால் நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். அது அவ்வளவு லேசில் ஆவியாகாது. கண்டிஷனர் போட்டே ஆகணும். சாதாரண ரகம் குளோரமினை உடைத்ததும் கொஞ்சம் அமோனியா மிஞ்சும். பாக்டீரியா குறைந்திருக்கும் நேரத்தில் அமோனியாவையும் கட்டுப்படுத்தும் ரகமே நல்லது.

முதல் இரண்டு வாரம் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்கணும். கொஞ்சம் ஏறினாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

பழைய கல்லைக் கழிப்பறையிலோ சிங்க்கிலோ கொட்டினால் வீவக வீட்டுக் குழாய் அடைத்துக்கொள்ளும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்க. இடம் போதலைன்னு மீன்களை நீர்த்தேக்கத்தில் விடும் எண்ணம் வந்தால், அது சட்டப்படி குற்றம். தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.