31-ஆம் தேதி எங்கே போயிற்று?

சீட்டுக் குலுக்குவது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள் அல்லவா? அந்த வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள், தோழியரே!

2010-ஆம் ஆண்டுக்குள் வரும் 100 கற்பனைப் பிறந்த நாட்களைப் பைத்தான் மொழியில் தற்செயலாக உண்டாக்க வேண்டும். இதுவே எங்களுக்குத் தந்த பயிற்சி. மாதத்துக்கு 1 முதல் 12, தேதிக்கு 1 முதல் 31 எனக் குலுக்கச் சொன்னோம். பிப்ரவரி 30 வந்ததும் கணிப்பொறி பிழை காட்டி நின்றுவிட்டது. உடனே 31-ஐ அழித்து 28 என்று போட்டோம். தடையின்றி ஓடிற்று. எங்களுக்கு ஒரே பெருமை!

அப்போதுதான் ஒரு தோழி கேட்டாள்: "ஏன்டி, என் பிறந்த நாள் ஜூலை 31. அது எப்போது வரும்?"

எத்தனை முறை ஓட்டினாலும் வராது! 12 மாதங்களுக்கு 28 வீதம் 336 நாட்கள்தாம். மீதி 29 நாட்கள் குடத்திலேயே இல்லை. நம் கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட ஜூலை 31-உம், காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30-உம் அவற்றில் அடங்கும். முதல் பிழையையாவது கணிப்பொறி சொல்லிற்று, இதைச் சொல்லவேயில்லை.

சரி, மாதத்துக்குத் தக்கபடி 28, 30, 31 என்று கொடுத்தால்? அதுவும் நியாயமன்று. முதலில் மாதத்தை எடுத்தால் பிப்ரவரியின் ஒரு நாளுக்கு 336-இல் ஒரு வாய்ப்பு. ஜனவரியின் ஒரு நாளுக்கோ 372-இல் ஒன்று.

ஆகவே மாதத்தையே மறந்துவிட வேண்டும். 0 முதல் 364 வரை ஓர் எண்ணை எடுத்து, ஜனவரி 1-உடன் அத்தனை நாட்களைக் கூட்டச் சொன்னால் போதும். எந்த மாதம், எந்தத் தேதி என்பதை மொழியே பார்த்துக்கொள்ளும். நேரமும் வேண்டுமா? ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். 0 முதல் 86,399 வரை இன்னோர் எண் எடுத்து, நள்ளிரவிலிருந்து கூட்ட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை! கணிப்பொறி உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. கணக்குப் போட்டே எண்களைத் தருகிறது. 'விதை' எனப்படும் தொடக்க எண்ணை நாமே கொடுத்தால், அதே விதைக்கு அதே வரிசை மறுபடியும் வரும். பிழை தேடும்போது இது பெரிய உதவி.

விதை கொடுக்காமல் மூன்றாம் முறை ஓட்டியபோது, பட்டியலின் நடுவே ஜூலை 31 வந்தது. எங்கள் தோழி போட்ட கூச்சலில் அடுத்த வகுப்பு ஆசிரியையே எட்டிப் பார்த்தார்!