முந்திரி வாணிபமும் வரும் ஆண்டும்

வாணிபம் செய்வோர் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் பழைய கணக்கை முடித்துப் புதுக்கணக்கு எழுதுகின்றனர். எங்கள் வட்டாரத்தில் அதே பருவத்தில்தான் முந்திரி மரங்களில் கொட்டை முற்றி விழத் தொடங்குகின்றது. ஆகவே, வரும் ஆண்டில் வாணிபம் எவ்வழிச் செல்லும் என்னும் கேள்வியை, நான் நெடுநாள் அறிந்த காடாம்புலியூர் முந்திரித் தொழிலைக் கொண்டே ஆராய விரும்புகின்றேன்.

காடாம்புலியூர், கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. தெற்கே சிறிது தொலைவில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கின்றது. செம்மண் நிலமாகிய இங்கே பலாவும் முந்திரியும் செழித்து வளரும். கொட்டையை வாங்கி, உடைத்து, பருப்பெடுத்து விற்கும் தொழிற்கூடங்கள் இச்சுற்று வட்டாரத்தில் மிகுதி. நான் பாடம் சொன்ன பிள்ளைகளுள் பலர், தாய்மார் முந்திரி உடைத்து ஈட்டிய கூலியால் படித்தவர்கள். ஆதலின் இத்தொழிலின் வளர்ச்சியும் தளர்ச்சியும் எனக்கு வெறும் செய்திகள் அல்ல.

முதலில் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொள்வோம். முந்திரிக்கொட்டையை வேகவைத்தோ வறுத்தோ ஓட்டை உடைக்கின்றனர். உள்ளிருக்கும் பருப்பைச் சூட்டடுப்பில் உலர்த்தி, மெல்லிய தோலை நீக்கி, தரம் பிரித்துத் தகரங்களில் அடைக்கின்றனர். 320 என்று ஒரு தரம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 வரை முழுப்பருப்புகள் நிற்கும் என்பதே அதன் பொருள். 180 என்பது இன்னும் பெரிய பருப்பு. எண் குறையக் குறையப் பருப்புப் பெரிதாகும், விலையும் ஏறும். பருப்பு உடைந்துவிட்டால் விலை இறங்கும்.

கொட்டை வாங்குவோர்க்கு இன்னொரு கணக்கு உண்டு. 80 கிலோ மூட்டையிலிருந்து எத்தனை பவுண்டு பருப்புக் கிடைக்கும் என்பதே அது. ஒரு சரக்கில் 48 பவுண்டும் மற்றொன்றில் 44 பவுண்டும் கிடைக்கின்றன என்று கொள்வோம். நூறு மூட்டைக்கு வேற்றுமை 400 பவுண்டு. அஃதாவது, 25 பவுண்டு கொள்ளும் தகரங்கள் பதினாறு. விலை மலிவு என்று இரண்டாவது சரக்கை வாங்கியவர், பதினாறு தகரம் பருப்பை இழந்தாரா அன்றி இலாபம் பெற்றாரா என்பது கணக்குப் போட்டவர்க்கே தெரியும்.

இனி, மாறிவரும் போக்குகளைப் பார்ப்போம். முதலாவது, கொட்டை வரும் வழி. நம் நாட்டில் விளையும் கொட்டை நம் தொழிற்கூடங்களுக்குப் போதுவதில்லை. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அது கப்பலில் வந்து இறங்குகின்றது. ஆனால் அந்நாட்டினரும் இப்போது ஒன்றை உணர்ந்துவிட்டனர். கொட்டையாக விற்றால் கூலி பிறர்க்குப் போகின்றது. பருப்பாக்கி விற்றால் கூலி தம் மக்களுக்குக் கிடைக்கின்றது. 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்வதற்குத் தடை என்று பெனின் அறிவித்தது. ஐவரி கோஸ்டும் உள்நாட்டில் உடைக்கும் ஆலைகளை ஊக்குவித்து வருகின்றது. இதில் நாம் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. நாம் விரும்புவதையே அவர்களும் விரும்புகின்றனர். எனினும், அயல்நாட்டுக் கொட்டை எந்நாளும் தடையின்றி மலிவாக வரும் என்னும் எண்ணத்தின்மேல் தொழிலை நிறுத்தியவர், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

இரண்டாவது, பருப்புப் போகும் வழி. முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் நெடுங்காலம் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது. 2006இல் வியட்நாம் அவ்விடத்தைப் பிடித்தது. இயந்திரத்தால் உடைக்கும் முறையை அந்நாடு விரைந்து மேற்கொண்டதே அதற்கு முக்கியமான காரணம். வாங்கும் நாடுகளின் போக்கும் நிலையாக இருப்பதில்லை. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா, இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் 50 விழுக்காடு வரி விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் காப்பி, தேயிலை, முந்திரி முதலிய விளைபொருள்களைத் தன் எதிர்வரி ஆணையினின்று விலக்கியது. மூன்று திங்களுக்குள் இத்தனை மாற்றம்! முந்திரியோ நட்டு மூன்று ஆண்டு காத்திருந்து பலன் காணும் பயிர். மூன்று திங்களில் மாறும் சந்தை ஒன்றையே நம்பி அதனை வளர்ப்பது அறிவுடைமை ஆகுமா?

இங்கே ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. உலகில் முந்திரிப்பருப்பை மிகுதியாக உண்ணும் நாடு நம் இந்தியாவே. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் மட்டும் வாங்கிய நிலை மாறி, நகரங்களில் பல குடும்பத்தினர் அன்றாட உணவாகவும் அதை வாங்குகின்றனர். அவர்கள் கேட்பது தகரம் அன்று. கால் கிலோப் பொட்டலம். அதன்மேல் தயாரித்த நாளும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், தயாரித்தவர் பெயரும் அச்சிட்டிருக்க வேண்டும். தகரத்தில் அடைத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிய காலத்தில் இவை பற்றிய கவலை நமக்கு இல்லை. இனி உண்பவர் யார் என்று அறிந்து விற்பவரே நிலைப்பர்.

மூன்றாவது, இயந்திரம். ஓட்டை உடைப்பதற்கும் நிறம் பார்த்துப் பிரிப்பதற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றை வேண்டாம் என்று ஒதுக்க இயலாது. கேரளத்தின் கொல்லம் வட்டாரத்தைப் பாருங்கள். முந்திரித் தொழிலின் தலைநகரம் என்று பெயர்பெற்ற அவ்விடத்தில், 2015க்குப் பின்வந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பழைய முறையிலேயே நின்றாலும் அவர்கள் இழப்பர். முன்யோசனையின்றி இயந்திரத்தை நிறுவினாலும் அவர்களே இழப்பர்.

ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுக்கும். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு கொட்டை உடைக்கும் பெண்களை எங்கள் ஊர்ப்பக்கம் காணாதவர் இலர். அந்த வேதனையான வேலையை இயந்திரம் ஏற்குமானால் நல்லதே. ஆனால் தோல் நீக்குதல், தரம் காணுதல், பொட்டலம் கட்டுதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றில் அதே பெண்களைப் பயிற்றி அமர்த்த வேண்டும். பருப்பை உடையாமல் எடுக்கும் கைத்திறன் பல ஆண்டுப் பழக்கத்தால் வந்தது. அதை இழப்பது, அறத்தைப் பற்றிய பேச்சை ஒருபுறம் வைத்தாலும், வாணிபக் கணக்கிலேயே இழப்புத்தான்.

நான்காவது, பெயர். 2025இல் பண்ருட்டிப் பலாப்பழமும் பண்ருட்டி முந்திரியும் புவிசார் குறியீடு பெற்றன. ஓர் ஊரின் மண்ணாலும் பழக்கத்தாலும் சிறப்புற்ற பொருளுக்கு, அவ்வூரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாவாறு சட்டம் அளிக்கும் காவல் இது. ஆனால் இக்காவல் தானாகப் பயன் தருவதன்று. அப்பெயரை இட விரும்புவோர் உரிய பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மேலும், ஆப்பிரிக்கக் கொட்டையைக் காடாம்புலியூரில் உடைத்தால் அது பண்ருட்டி முந்திரி ஆகிவிடாது. ஆகையால் உள்ளூர்க் கொட்டையையும் வந்த கொட்டையையும் வெவ்வேறாக வைத்து, வெவ்வேறு கணக்கு எழுதுதல் இன்றியமையாதது. இரண்டையும் கலந்து பெயரை விற்றால், ஓரிரு ஆண்டு இலாபம் வரலாம், பெயர் போய்விடும்.

பெயருக்கு உரிய மரம் நம்மிடம் வேண்டுமன்றோ? 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், எங்கள் மாவட்டத்து முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. தலைமுறையாக நின்ற மரங்கள் ஓரிரவில் விறகாயின. விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ.3 முதலிய உயர்ந்த வகைகளை அளித்திருக்கின்றது. அவற்றின் ஒட்டுக்கன்றுகள் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும் என்று 2025-26 வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பும் வெளிவந்தது. தொழிற்கூடம் நடத்துவோர் உழவரோடு முன்கூட்டியே விலை பேசி, கன்றும் உரமும் பெற உதவினால், கப்பலை எதிர்பார்த்திருக்கும் நிலை ஓரளவேனும் குறையும்.

இன்னும் ஒன்று. கொட்டையின் எடையில் பெரும்பகுதி ஓடே. அதை அப்படியே எரித்தால் புகை சூழும். அண்டை வீட்டார் வருந்துவர். பிழிந்து எண்ணெய் எடுத்தால் வண்ணப்பூச்சுக்கும், வண்டிகளின் தடைக்கட்டைகளுக்கும் அது பயன்படும். பிழிந்த சக்கையோ அடுப்புக்கு ஆகும்.

ஒரே பொருளை நம்பாமை சிறு தொழிலுக்கு மட்டும் உரிய நெறியன்று. அண்டையிலுள்ள நெய்வேலி நிறுவனத்தையே காணலாம். 1956இல் பழுப்பு நிலக்கரிக்கென்றே தோன்றிய அந்நிறுவனம், இன்று ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின்நிலையங்களையும் நடத்துகின்றது. மண்ணுக்கடியில் இவ்வளவு செல்வம் உடையவரே வானத்தையும் நோக்குகின்றனர் என்றால், ஒரு நாட்டின் கொட்டையையும் ஒரு நாட்டின் சந்தையையும் மட்டும் நம்புவோர் சிந்திக்க வேண்டாமா?

ஆகவே, புதுக்கணக்கு எழுதும் முந்திரி வாணிபர் ஏட்டின் முதற்பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும். என் கொட்டையில் உள்ளூர் விளைச்சல் எத்தனை பங்கு? ஒரே வாங்குநரிடம் போகும் பருப்பு எத்தனை பங்கு? ஓட்டிலிருந்து எனக்கு வருவாய் உண்டா? இயந்திரம் வந்தபின் என் கூடத்துப் பெண்கள் எவ்வேலை செய்வர்? முதல் மூன்றுக்கும் எண்ணால் விடை கூறலாம். நான்காவதற்கு ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவர்க்குரிய வேலையை எதிரே குறிக்க வேண்டும். அந்தப் பட்டியல் நிறைவுற்ற பின்னரே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பது நலம்.