திறப்புத் தொலைந்தால் ஸ்கூட்டரும் தொலைந்ததா?

ரோமிலிருந்து வரும் இரவு ரெயில், மெசினா நீரிணையைக் கப்பலில் ஏறிக் கடந்து பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு வந்து சேரும். அந்த ரெயிலில் வந்த மச்சான் குடும்பத்தை அழைத்துவர நாங்கள் போயிருந்தோம். ஸ்கூட்டரை பியாத்சா ஜூலியோ சேசரே ஓரமாக நிறுத்திப் பூட்டினோம். பெட்டிகளைத் தூக்கி, பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால் பொக்கற்றில் திறப்பு இல்லை. மேலதிகத் திறப்பும் அதே வளையத்தில்தான் தொங்கியது. இரண்டும் ஒன்றாய்ப் போயின.

மறுநாள் விடிய ஆறு மணிக்கு மொண்டெல்லோப் பக்கம் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த கிழமை வேறொருவர் அந்த வீட்டில் நிற்பார். இந்த ஊருக்குப் புதிதாக வந்த எம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஊரில் என்றால் கராஜ்காரர் இரண்டு வயரைத் தொடுத்து ஸ்ராட் பண்ணித் தந்துவிடுவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். ஆனால் இங்குள்ள ஸ்கூட்டர்கள் பலவற்றில் அந்த வித்தை பலிக்காது.

ஏன் பலிக்காது?

திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதற்கு பற்றரி கிடையாது. திறப்புப் போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. திறப்பைத் திருப்பியதும் அந்தச் சுருள் சில்லுக்கு மின்சக்தி கொடுத்து அதன் இரகசிய எண்ணைக் கேட்கும். ‘சென்ட்ராலீனா’ என்று இத்தாலியர் சொல்லும் இலத்திரனியல் பெட்டியில் பதிந்த எண்ணோடு அது பொருந்தினால்தான் இயந்திரம் ஓடும். திறப்பை எவ்வளவு திருத்தமாக வெட்டினாலும் எண் இல்லையேல் ஓட்டம் இல்லை. 1995இல் வந்த ஐரோப்பியக் கட்டளையால் புதிய கார்களுக்கு இந்தத் தடுப்புக் கட்டாயமானது. மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் பல கம்பனிகள் தாமாகவே பொருத்தின.

எங்கள் தவறு

பூட்டிய கைபிடியோடு ஸ்கூட்டரைத் தூக்கி நகர்த்தப் பார்த்தோம். பொலிஸார் வந்து விசாரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்த்த எவருக்கும் அது திருட்டாகத்தான் தெரியும். பத்திரத்தைக் காட்டினோம். அதில் இருந்தது முன்னைய சொந்தக்காரரின் பெயர்! காசைக் கொடுத்து வண்டியை எடுத்து வந்தோமே தவிர, பெயர் மாற்றவில்லை. அவருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் சொன்ன பிறகுதான் விட்டார்கள். திறப்புச் செய்யப் போன இடத்திலும் முதற் கேள்வி, “இது உங்கள் வண்டிதானா?” என்பதே. சென்ட்ராலீனா முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார் அந்த மெக்கானிக். கேட்ட காசு எங்கள் மூன்று வாரச் சம்பளம்.

அன்று பின்னேரம் முன்னைய சொந்தக்காரரின் வீட்டுக்குப் போனோம். அந்த வயோதிபர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு மண்ணிறத் திறப்பை எடுத்தார். “இதை நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார். உண்மைதான். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

மண்ணிறத் திறப்பும் சிவப்புத் திறப்பும்

பியாஜ்ஜோ, ஜிலேரா கம்பனிகளின் இவ்வகை ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு ‘கியாவே மர்ரோனே’ எனும் ஒரேயொரு மண்ணிறத் தாய்த்திறப்பு உண்டு. நாளாந்தம் பாவிப்பது நீலத் திறப்பு. தாய்த்திறப்பைப் போட்டுத் திருப்பி, 10 செக்கனுக்குள் புதிய நீலத் திறப்பைப் போட்டுத் திருப்பி, மீண்டும் தாய்த்திறப்பைப் போட்டால் புதியது பதிவாகிவிடும். 7 திறப்புகள் வரை பதியலாம். அப்போது காட்டாத பழைய திறப்புகளின் எண் அழிந்துவிடும். எனவே தொலைந்த திறப்பை எடுத்தவர் அதனால் இயந்திரத்தை ஓட்ட முடியாது. ஆனால் கைபிடிப் பூட்டைத் திறக்கலாம், கவனம்.

யமஹாவின் பல வண்டிகளில் சிவப்புத் திறப்பே தாய். கறுப்பு இரண்டும் பாவனைக்கு. ஹொண்டாவின் ‘ஹிஸ்’ முறையில் தாய்த்திறப்பு இல்லை. அதில் 4 திறப்புகள் பதியலாம். ஆனால் பதிந்த ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். எல்லாம் தொலைந்தால் இலத்திரனியல் பெட்டியையே மாற்றும்படி கம்பனியின் கைநூல் சொல்கிறது. ஒன்று தொலைந்த உடனேயே மற்றொன்றைச் செய்துவிடுவதே இலாபம்.

வாசகர்கள் கவனிக்க

1. வண்டி வாங்கும்போது எல்லாத் திறப்புகளையும், எண் பொறித்த அட்டையையும் கேட்டு வாங்குங்கள். மண்ணிற, சிவப்புத் திறப்பை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். இரண்டு திறப்பை ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். அருகிலுள்ள மற்றச் சில்லு எண் வாசிப்பதைக் குழப்பவும் கூடும்.

2. விற்பவரின் கையெழுத்து உறுதிப்படுத்தப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் ‘பஸ்ஸாஜ்ஜியோ தி ப்ரொப்ரியெத்தா’ எனும் பெயர்மாற்றத்தைச் செய்துவிடுங்கள்.

3. திறப்புத் தொலைந்தால், “ஓ பெர்சோ லே கியாவி” என்று சொல்லி பொலிஸிலோ காராபினியேரியிலோ ‘தெனூன்சியா தி ஸ்மரிமெந்தோ’ எழுதுவியுங்கள். வண்டிப் பத்திரம், அடையாளப் பத்திரம், வதிவிட அனுமதி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். திருட்டுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு இது மிக முக்கியம்: வண்டி களவுபோனால் எல்லாத் திறப்புகளையும் கேட்பது கம்பனிகளின் வழக்கம்.

4. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய சென்ட்ராலீனாவை விசாரிக்காமல் வாங்காதீர்கள். அது களவுப் பொருளாக இருந்தால் வாங்கியவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு இரண்டு நீலத் திறப்புகள் செய்தாகிவிட்டது. அந்த வயோதிபரே எங்களோடு வந்து பெயர்மாற்றத்துக்குக் கையெழுத்தும் வைத்தார். அந்த ஒரு நாள் வேலைக்கு, அதே தெருவில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர் தன் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிப் போனார். மண்ணிறத் திறப்பு இப்போது வீட்டில், கடவுச்சீட்டுகள் வைத்திருக்கும் அதே பெட்டியில் இருக்கிறது. உங்களுடையது எங்கே என்று இன்றே தேடிப் பாருங்கள்.