கடாரத்து மன்னர் கதைகள்



சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக மெர்போக் பக்கம் போகிறவர்களுக்கு ஜெராய் மலை கூடவே வருவது போலத் தோன்றும். அந்த மலையடியில் வளரும் நம் பிள்ளைகள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்பார்கள்: "இங்கே பெரிய ராஜா இருந்தாராமே, நிஜமா?" ஒரு வீட்டில், "அதெல்லாம் கட்டுக்கதை, போய்ப் படி" என்று பதில் வரும். இன்னொரு வீட்டில், "எல்லாம் நம்முடைய சோழ ராஜா கட்டியதுதான்" என்று பதில் வரும். இரண்டும் அவசரத்தில் சொல்லும் பதில்கள். இன்று இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கெடாவின் பழங்கதைகளைச் சொல்லும் மலாய் நூலுக்கு 'ஹிகாயத் மெரோங் மகாவங்சா' என்று பெயர். சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் லோ என்பவர் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1849-இல் வெளியிட்டார். அந்தக் கதை இதுதான்.

ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீன நாட்டு இளவரசிக்கும் திருமணம் செய்ய ஏற்பாடாகிறது. மணமகன் கூட்டத்துக்குக் காவலாக மெரோங் மகாவங்சா என்னும் வீரன் கப்பலேறி வருகிறான். இந்தத் திருமணத்தை நடக்கவிட மாட்டேன் என்று கருடன் சுலைமான் நபியிடம் சவால் விட்டுவிட்டு, நடுக்கடலில் கப்பல்களைத் தாக்குகிறது. மெரோங் அம்பு தொடுத்துப் போராடுகிறான். ஆனாலும் கப்பல்கள் மூழ்கிவிடுகின்றன. கரையேறிய மெரோங் இந்தப் பகுதியில் கோட்டை கட்டி, லங்காசுகா என்று பெயரிட்டு ஆள்கிறான். இளவரசனோ அலையில் ஒதுங்கி லங்காவித் தீவை அடைகிறான். கருடன் தூக்கிவந்து ஒளித்து வைத்திருந்த இளவரசியை அங்கேயே சந்திக்கிறான்! சவாலில் கருடன் தோற்றுப் போகிறது.

மெரோங்கின் வழியில் வந்த ஒருவன்தான் கோரைப் பல் ராஜா. சமையற்காரியின் விரல் அறுபட்டு, ஒரு சொட்டு இரத்தம் கீரைக் கறியில் விழுந்துவிட்டது. அந்த ருசியில் மயங்கிய மன்னன் மக்களைக் கொல்லத் தொடங்கினான். அவனுக்குக் கோரைப் பல்லும் முளைத்தது. அவனுடைய மந்திரிகளே அவனை எதிர்த்துத் துரத்தினார்கள். பிறகு அடுத்த அரசனைத் தேடி ஒரு யானையை அனுப்பினார்கள். காட்டோரத்தில், எளிய குடும்பத்துப் பெண்ணுக்குப் பிறந்திருந்த சிறுவனை அந்த யானை தூக்கி வந்தது.

யானை அரசனைத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதல்லவே! கரிகாலனைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. பெரியபுராணத்தில் மூர்த்தி நாயனாரை மதுரைக்கு அரசராக்கியதும் கண் கட்டிய யானைதான். இங்கிலாந்தில் ஆர்தர் மன்னரின் கதை உண்டு. கல்லில் செருகிய வாளை உருவியவனே அரசன் என்று அது சொல்லும். வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்த வீரர்களும் அதில் வருவார்கள். நாடு எதுவாயிருந்தாலும் மக்கள் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான்: நம்மை ஆளத் தகுந்தவன் யார், ஆளத் தகாதவனை என்ன செய்வது? இத்தகைய கதைகளின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆர்தரின் புகழைப் பரப்பிய நூலை மான்மத் ஊர் ஜெஃப்ரி என்பவர் சுமார் 1136-இல் எழுதினார். அப்படி ஒரு மன்னர் இருந்தாரா என்பதை இன்றுவரை யாரும் உறுதி செய்யவில்லை. கெடாவின் அரசர் இஸ்லாத்தைத் தழுவி முதல் சுல்தான் ஆனதாக மரபு சொல்வதும் அதே 1136-ஆம் ஆண்டைத்தான்.

அப்படியானால் மெரோங் கதையில் உண்மையே இல்லையா? ஒரு சின்ன செய்தியைக் கவனியுங்கள். ஜெராய் மலை முன்பு ஒரு தீவாக இருந்தது, பிறகு கடல் விலகி நிலத்தோடு சேர்ந்தது என்று அந்த நூல் சொல்கிறது. முற்காலத்தில் கடல் இன்றுள்ளதைவிட வெகுதூரம் உள்ளே வந்திருந்தது என்று நில ஆராய்ச்சியும் சொல்கிறது. சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அடையாளக் கம்பம் போல நின்றது. கருடன் வந்ததற்குச் சான்று இல்லை. கப்பல்கள் வந்ததற்கு நிறையவே சான்று உண்டு.

நம் சோழர் கதைக்கு வருவோம். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தை வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூலிலும் ராஜா சூலான் என்று ஒரு மன்னன் வருகிறான். அங்கே கதை வேறு மாதிரி! சீனாவை வெல்லப் புறப்பட்டு அவன் தெமாசிக்வரை வருகிறான். சீனச் சக்கரவர்த்தி ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும், பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டதும் கிழவர்கள், "நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள். இந்த மரங்கள் அன்று விதைகள். இந்த ஊசிகள் கை பருமன் இரும்புத் தடிகளாக இருந்தன" என்கிறார்கள். ராஜா சூலான் திரும்பிப் போய்விடுகிறான்!

கல்வெட்டில் வெற்றி, கதையில் ஏமாற்றம். வென்றவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் நினைவு வைத்துக்கொள்வது உலக வழக்கம். ஒரு படையெடுப்பை மட்டும் வைத்து இந்த மண்ணின் பெருமை முழுவதையும் ஒரு மன்னனுக்கு எழுதிவைக்க முடியாது.

மண் என்ன சொல்கிறது? 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் மனைவியோடு வந்து பூஜாங் பள்ளத்தாக்கில் பல கோயில் அடித்தளங்களைத் தோண்டிக் கண்டார். அவற்றில் புக்கிட் பத்து பகாட் கோயில் 1960-இல் சீரமைக்கப்பட்டது. அருகில் அருங்காட்சியகமும் இருக்கிறது. சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியிலிருந்து இரும்பு உருக்கிய இடங்களும் செங்கல் கட்டடங்களும் வெளிப்பட்டன. இந்து, பௌத்த மதத்தினர் இங்கே வழிபட்டார்கள். பல நாட்டு வணிகர் வந்து போனார்கள். உலை ஊதியவர், செங்கல் சுட்டவர், சுமை தூக்கியவர் ஆகியோரின் பெயரை எந்தக் கதையும் சொல்லவில்லை. அவர்கள் சுட்ட செங்கல்தான் நின்று சாட்சி சொல்கிறது. பெயர் எழுதப்படாமல் காட்டைத் தோட்டமாக்கிய நம் பாட்டன் பாட்டிமாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா?

அந்தச் சாட்சியும் அழியக்கூடியது. 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழங்கோயிலின் அடித்தளம் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. செய்தி வெளிவந்து நாடே வருந்தியபோது காலம் கடந்திருந்தது.

ஆகையால் தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளை கேட்கும்போது கதையைக் கதையென்று சொல்லியே சுவையாகச் சொல்லுங்கள். ஒரு விடுமுறை நாளில் மெர்போக்குக்கு அழைத்துப் போய் அந்தக் கற்களையும் காட்டுங்கள். தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ பழைய செங்கல்லோ செதுக்கிய கல்லோ தென்பட்டால், பெயர்த்து எடுக்காமல் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மெரோங்கும் கப்பலில் வந்தவன், நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள். இந்த மண்ணின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. அதைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு உண்டு.